பின்னிருக்கை உள்ளதா, இல்லாததா

ஜனவரி 3, சனி

மைனஸ் 11. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. வீட்டு முன்னால் ட்ரைவ்வேயில் பனி வழித்து முடிக்க ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டு கார் நிற்கிற அகலம், நிற்பது ஒரு வான். ஏழு பேர் இருக்கலாம் அதில். ஏழு பேர் கடைசியாக எப்போது இருந்தார்கள் என்று யோசித்தேன். முதுகு நோவில் அந்த யோசனையும் போய்விட்டது.

வழித்துக்கொண்டு நிற்க, பின்பக்கச் சோள வயலால் நாலு ஸ்னோமொபீல், பனிக்கு மேல் ஓடுகிற வண்டிகள், போயின. விட்பியில் வடக்குப் பக்கம் இதுதான் கடைசித் தெரு, அதற்கு அங்கால் வயல்தான். மூன்று வண்டியில் ஒவ்வொருவர். ஒன்றில் மட்டும் இருவர். பத்து நிமிடத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல சத்தம்.

உள்ளே வந்து தேத்தண்ணி போடும்போதே முடிவு எடுத்தாயிற்று. ஒரு பழைய ஸ்னோமொபீல் வாங்குவது. வயது 57. முழங்கால் பரவாயில்லை. பிரஷருக்கு நாளுக்கு ஒரு குளிசை.

ஏன் என்று யாரும் கேட்டால் சொல்வதற்கு:
– சனி ஞாயிறு போகிறதில்லை.
– போன மாரி முழுக்க வீட்டுக்குள் இருந்து டிவி பார்த்து இரண்டு காற்சட்டை சிறிதாகிவிட்டது.
– டொக்டர் வெளியே போகச் சொன்னார். (மோலுக்குள் நடக்கச் சொன்னார். யாரும் விசாரிக்கப் போவதில்லை.)
– கௌரி இல்லை.

கடைசியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மனைவி கௌரி, விமானத்தில் நாலு மணித்தியாலம் தள்ளி எட்மன்ரனுக்குப் போய், வருகிற மாதத்தோடு இரண்டு வருடம். மகள் துளசியின் பிள்ளைப்பேற்றுக்கு என்று போனவள். மூன்று மாதம் என்றுதான் கதை. மருமகனுக்கு எண்ணெய் வயலில் வேலை, இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை வீட்டில். துளசிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ற். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பிறகு எல்லோரும் மாதம் எண்ணுவதை விட்டுவிட்டோம். போன ஆடியில் ஒரு கலியாணத்துக்கு வந்து பன்னிரண்டு நாள் நின்றாள். திரும்பிப் போகும்போது இடியப்ப உரலையும் தட்டுகளையும் பெட்டிக்குள் வைத்தாள். அங்கே வாங்கலாமே என்றேன். இது கை பழகினது என்றாள். இனி வருவாயா மாட்டாயா என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். பெட்டி நிறை கூடிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம்: பாணும் நேற்றைய பருப்பும்.

ஜனவரி 4, ஞாயிறு

மப்பு வானம். மைனஸ் 6. காலை முழுக்க விளம்பரம் வாசிப்பு. எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். கொஞ்சம்தான் ஓடியது, வீட்டுக்குள் நின்றது, மனைவி விற்கச் சொல்கிறாள். பாதி விளம்பரத்தில் மனைவி விற்கச் சொல்கிறாள். விற்கச் சொல்ல ஒரு மனைவி பக்கத்தில் இருக்கிறாளே என்று நினைத்தேன்.

ஒரு கடையின் இணையப் பக்கத்தில் கேள்விக்கொத்து. உங்கள் ஓட்டும் பாணி எது? முப்பது வருடமாக இந்த நாட்டில் கார் ஓடுகிறேன். எனக்கு ஒரு பாணி இருப்பதாக யாரும் சொன்னதில்லை. கௌரி மட்டும் சொல்வாள், "உங்களோடை வாறதுக்கு நடந்து போகலாம்" என்று. 401 நெடுஞ்சாலையில் 98 கி.மீ. அதற்கு மேல் ஓடியதில்லை.

விளங்கிய வரையில்:
மலைவண்டி. ட்ராக், அதாவது அடியில் சுற்றுகிற ரப்பர்ப் பட்டி, நீளம், ஆழமான பனிக்கு. இங்கே மலை எங்கே. வேண்டாம்.
வேகவண்டி. எஞ்சின் 800, 850 சிசி. படத்தைப் பார்க்கவே பிரஷர் ஏறுகிறது. வேண்டாம்.
வேலைவண்டி. விறகு இழுக்க. என்னிடம் விறகு இல்லை.
பாதைவண்டி. இறுக்கிச் செப்பனிட்ட பாதையில் ஆறுதலாகப் போக. 550, 600 காணும், அதற்கு மேல் தேவையில்லை. ஒருவர்.
சுற்றுலாவண்டி. அதே பாதை, ஆனால் நீளம், பாரம். பின்னால் சாய்மனை வைத்த இருக்கை. பின்னால் இருப்பவருக்கும் சூடாகிற கைபிடி. இருவர்.

ஆக, கடைசி இரண்டில் ஒன்று. கேள்விக்கொத்திலும் அடுத்த கேள்வி அதுதான். ஒருவரா, இருவரா? பதில் போடாமல் மூடிவிட்டேன்.

காசு: ஐயாயிரத்துக்குள். ஓவர்ரைம் காசு, வீட்டுக் கணக்கில் கை வைக்கவில்லை.

பின்னேரம் யோகனுக்குப் போன் அடித்தேன். வோபர்னில் கராஜ் வைத்திருக்கிறான், இங்கே வந்த முதல் வருடத்தில் ஒரே பேஸ்மென்ற்றில் இருந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆட்களில் யாரும் மெக்கானிக் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகாமல் பழைய கார் பார்க்கப் போவதில்லை. நான் வாங்கிய ஐந்து வண்டிக்கும் யோகன்தான் வந்தான். ஸ்னோமொபீல் என்றதும் திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு சுகமில்லையோ என்று கேட்டான். சுகம்தான் என்றேன். சனிக்கிழமை வருகிறானாம்.

ஜனவரி 5, திங்கள்

வேலைக்கு மார்க்கம் நகருக்குப் போக ஐம்பத்தைந்து நிமிடம். வேலையில் டேவ் என்று ஒருவர், சாமான் ஏற்றுகிற லோடிங் பக்கம், முப்பது வருடமாக ஸ்னோமொபீல் ஓடுகிறவர். இதுவரை அவரிடம் காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினார். ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்:

– போனவுடன், வணக்கம் சொல்ல முன், எஞ்சினில் கை வை. சூடாக இருந்தால் திரும்பி வா. குளிரில் ஸ்ராட் வராத வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பான்.
– முன்னுக்குச் சறுக்குகிற ஸ்கீ இரண்டையும் பிடித்து ஆட்டு. ஆடக்கூடாது.
– ட்ராக்கைச் சுற்றிப் பார். பல் பறந்திருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா.
– பெல்ற். கிளச்.
– உரிமைப் பத்திரத்து இலக்கமும் வண்டியில் அடித்த இலக்கமும் ஒன்றா.
– மினுக்கத்தைப் பார்க்காதே.

மினுக்கத்தைப் பார்க்காதே என்று எனக்கா சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கார்ப் பாகங்களில் பிழை பிடிக்கிற வேலை. ஒரு துண்டு இரும்பைக் கையில் எடுத்தால் கண் தானாகப் பிழைக்குத்தான் போகும்.

ஜனவரி 8, வியாழன்

மைனஸ் 15. பின்னேரம் எட்மன்ரனுக்கு வீடியோவில் அடித்தேன். பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. போனைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பத்து நிமிடம் அவர்கள் வீட்டுக் கூரையும் ஒரு மேசைக் காலும் பார்த்தேன். கௌரியின் குரல் அந்தப் பக்கத்தால் வந்தது. என்ன சமைச்சனீங்கள் என்று கேட்டாள். சோறும் ரின் மீனும் என்றேன். மரக்கறி ஒன்றும் இல்லையா என்றாள். இருக்கிறது என்றேன். இல்லை. பிறகு பிள்ளையைக் குளிக்க வார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஸ்னோமொபீல் கதை எடுக்கவில்லை. எடுக்க இடம் வரவில்லை. இரண்டு வருடமாக இப்படித்தான். நான் என்ன சமைத்தேன், அங்கே எத்தனை பாகை, பிள்ளைக்குச் சளியா. எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருக்கிறது. தனிமைதான் இது. வேறு பெயர் தேடி என்ன பிரயோசனம்.

பால் முடிந்தது. நாளை வாங்க.

ஜனவரி 10, சனி

லின்ட்சேக்கு அங்கால் ஒரு பண்ணையில் முதல் வண்டி பார்த்தோம். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். யோகன் என் வீட்டுக்கு வந்ததே பதினொன்றேகாலுக்கு. போய்ச் சேரப் பன்னிரண்டரை. விற்கிற இளைஞன் வாசலில் குளிர்ந்துபோய் நின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்க முன் எஞ்சினில் கை வைத்தேன். சூடு. டேவின் கடதாசிப்படி உடனே திரும்ப வேண்டும். ஆனால் பதினொரு மணிக்கே வருவோம் என்று நம்பி, ஓடிக் காட்ட வசதியாக ஸ்ராட் பண்ணி வைத்ததாகச் சொன்னான். பிழை அவனுடையதா எங்களுடையதா என்று சொல்ல முடியவில்லை. பிந்திப் போகிறவனுக்கு இந்தச் சோதனை சரிவராது.

யோகன் வண்டியைச் சுற்றி வந்தான். பழைய கார் பார்க்கும்போது முதலில் ரயரை உதைப்பது அவன் வழக்கம். இதில் ரயர் இல்லை. கொஞ்சம் தடுமாறி, ஸ்கீயை உதைத்தான். பிறகு ஸ்ராட் பண்ணச் சொன்னான். நீலப் புகை வந்தது. என் காதுக்குள் வந்து தமிழில் சொன்னான், "மச்சான், எஞ்சின் போச்சு. இதைத் தொடாதை." எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த எஞ்சினுக்கு ஒயிலைப் பெற்றோலோடு சேர்த்து எரிக்கிற முறை, புகை வரத்தான் செய்யும் என்று இளைஞன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். யோகன் நம்பவில்லை. இருபது வருட மெக்கானிக் எப்படி நம்புவான்.

எப்படியும் அது 800. ஒருமுறை ஏறி, வேகக் கட்டையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். வயிறு பின்னுக்கு நின்றுவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

வரும் வழியில் கோப்பி. யோகனின் முறைப்பாடு வேறு. ஒருவர் மட்டும் இருக்கிற வண்டியைப் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்றான்.

"ஆக்கள் வந்தா எங்கை இருத்திறது?"

இதுதான் எங்கள் எல்லோருடைய வருத்தம். ஆக்கள் வந்தால். நானும் கௌரியும் அப்படித்தான் நாலு அறை வீடு எடுத்தோம். ஏழு பேர் இருக்கிற வான். இருபது பேருக்குச் சமைக்கிற பானை. பன்னிரண்டு கதிரை. ஆக்கள் வருவார்கள் என்று எல்லாவற்றையும் பெரிதாக வாங்கி வைத்துவிட்டு, உள்ள ஆளைப் போகவிட்டேன். இதை யோகனிடம் சொல்லவில்லை. கௌரி எப்போது வருகிறாள் என்று கேட்டான். கோடைக்கு என்றேன். வாயில் வந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். மைனஸ் 4. தனியாகப் போனேன், பத்து நிமிடம் முந்தி. போர்ட் பெரிக்குக் கிட்ட. எஞ்சின் குளிர். நல்ல சகுனம்.

விற்பவர் லின்டா, அறுபது இருக்கும். சுற்றுலாவண்டி, இருவருக்கு. பன்னிரண்டாயிரம் கி.மீ. ஸ்கீ ஆடவில்லை. ட்ராக் பல் எல்லாம் இருக்கிறது. கயிற்றின் முதல் இழுவையில் ஸ்ராட். சொன்ன விலையில் இருந்து இறங்கவும் ஆயத்தம். நான் பிழை தேடினேன். சாய்மனைத் தையலில் இரண்டு நூல். அவ்வளவுதான்.

பின்னிருக்கையில் ஏறி இருந்து பார்த்தேன். உயரம். கைபிடி இரண்டு பக்கமும். சூடு வரும் பொத்தான் தனியாக. கௌரிக்குக் கை விறைக்கும், மே மாதத்திலும் கையுறை போடுகிறவள். அப்போதுதான் எனக்கே விளங்கியது, எட்டு நாளாக நான் யாருக்கு வண்டி தேடுகிறேன் என்று. டொக்டர் சொன்னதும் காற்சட்டையும் சும்மா கதை. இப்படி ஒன்று வாங்கி நிறுத்தினால் அவளுக்கு வந்து பார்க்க ஒரு காரணம் இருக்கும். இதுதான் உண்மை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏன் விற்கிறீர்கள் என்று லின்டாவைக் கேட்டேன். புருசன் இருக்கிறாராம், சுகமாக. கராஜுக்குள் இன்னும் இரண்டு வண்டி காட்டினார், ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்கலாம். பதினாறு வருடம் பின்னால் இருந்தேன், பின்னால் இருக்கிறவர் பார்ப்பது முன்னால் இருக்கிறவரின் ஹெல்மெற்றை மட்டும்தான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன வருடம் தனக்கென்று ஒன்று வாங்கிவிட்டாராம்.

நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டு வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சளி. வேலைக்குப் போனேன். லின்டாவின் வண்டியைப் பற்றி டேவிடம் சொன்னேன். நல்ல வண்டிதான், ஆனால் தனியாக ஓடினால் முன்பாரம் குறைந்து வளைவில் நேரே போகப் பார்க்கும் என்றார். இருவர் இருக்கிற வண்டியை ஒருவர் ஓடுவது வீண் பாரம். யார் பின்னால் வரப்போகிறது என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. முப்பது வருடம் கலியாணம் கட்டின ஆளிடம் ஒரு கேள்வி கேட்க ஒத்திகை பார்க்கிறேன். காரில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், 407இல். நீர் எப்ப வாறீர்? பொலிஸ்காரன் கேட்பதுபோல் இருந்தது. நீர் வரலாம்தானே? இது கெஞ்சல். விட்டுவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். மைனஸ் 9. காலையில் சின்னச் சட்டியில் பொங்கினேன். அடிப்பிடித்தது. மேலே இருந்ததைப் படைத்தேன். சூரியன் வரவில்லை, அவருக்கும் கருகின மணம் எட்டியிருக்கும்.

வேலையால் வந்து எட்மன்ரனுக்கு அடித்தேன். கௌரி புதுச் சேலை. பின்னால் பொங்கல் பானை, கோலம், பேத்தி சட்டை முழுக்கச் சர்க்கரை. துளசி வேலைக்குப் போய்விட்டாள். நல்ல நேரம் என்று நினைத்தேன்.

ஸ்னோமொபீல் வாங்கப்போவதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள். நான் உசாராகிவிட்டேன். 550 என்றால் என்ன, ட்ராக் என்றால் என்ன, பெல்ற் எப்படிப் பார்ப்பது என்று எல்லாம் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டாள். கடைசியில்தான் கேட்டேன், சாதாரணமாகக் கேட்பதுபோல், வண்டியைப் பற்றிய இன்னொரு விபரம்போல்:

"ஒருத்தர் இருக்கிறதும் இருக்கு, ரெண்டு பேர் இருக்கிறதும் இருக்கு. எதை எடுக்கிறது?"

படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு பேத்தியின் வாயைத் துடைத்தாள், படம் நிற்கவில்லை என்று தெரிந்தது.

"நீங்கள்தானே ஓடப்போறியள். ஒருத்தர் இருக்கிறது காணும்."

சரி என்றேன். பொங்கல் எப்படி வந்தது என்று கேட்டாள். நல்லா வந்தது என்றேன்.

சட்டியை ஊறப்போட்டிருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

வேலையில் ஒரு பெட்டிப் பிழையான பாகங்களைச் சரி என்று கையெழுத்து வைத்து விட்டுவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை. அடுத்த ஷிஃப்ற் பெடியன் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினான். மனேஜர் சுகமில்லையா என்று மட்டும் கேட்டார். எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.

லின்டாவுக்குத் தகவல் அனுப்பினேன், வேண்டாம், நன்றி என்று. பரவாயில்லை, நல்ல பனி கிடைக்கட்டும் என்று பதில்.

கௌரி சொன்னதில் பிழை இல்லை. கேட்டேன், பதில் சொன்னாள். ஒருத்தர் இருக்கிறது காணும். இரண்டு வருடமாக நான் அறிய விரும்பியது இதைத்தான். அறிந்தாயிற்று.

இரவுச் சாப்பாடு இல்லை. தேத்தண்ணி, இரண்டு பிஸ்கற்.

ஜனவரி 17, சனி

வாங்கியாயிற்று. அக்ஸ்பிரிட்ஜ் பக்கம், ஒரு வயதான மனிதர். பாதைவண்டி, 550, ஒருவர். எண்ணாயிரத்துச் சொச்சம் கி.மீ. கறுப்பு, ஒரு பக்கம் கீறல். எஞ்சின் குளிர். மூன்றாவது இழுவையில் ஸ்ராட், நீலப் புகை. ஸ்கீயில் மெல்லிய ஆட்டம், அதற்கு நூற்றைம்பது குறைத்தார். பல் எல்லாம் உண்டு. இலக்கம் சரி. டேவின் கடதாசியில் எல்லாவற்றுக்கும் அடையாளம் போட்டேன். மனிதர் பழைய ஹெல்மெற் ஒன்றும் சும்மா தந்தார். எனக்குச் சிறிது.

யோகன் ட்ரெயிலரோடு வந்தான். இந்த முறை நேரத்துக்கு. புகையைப் பார்த்தும் பேசாமல் நின்றான். கட்டி ஏற்றும்போது இருக்கையைக் கையால் அளந்து பார்த்தான்.

"ஒராள் மட்டும் இருக்கிற சாமானை எங்கடை ஆள் ஒருத்தன் வாங்கினதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பகிடியாகத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கயிற்றை இறுக்கத் தொடங்கினான். போகும்போது அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னான். இரண்டு முறை சொன்னான்.

வண்டி இப்போது பின்வளவில், நீலத் தறப்பாள் மூடி. குசினி யன்னலால் தெரிகிறது. ஆடு ஒன்று வாங்கிக் கட்டின மாதிரி அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன்.

செய்ய: இன்சூரன்ஸ். பெயர் மாற்றம். பாதை அனுமதி. ஹெல்மெற், பெரிய தலைக்கு. கையுறை.

ஜனவரி 24, சனி

மைனஸ் 12, வெயில், காற்று இல்லை. முதல் ஓட்டம்.

டேவ் கூட்டிக்கொண்டு போனார். லின்ட்சேக்கு வடக்கே, காட்டுப் பாதை. டேவ் முன்னால், நான் பின்னால். முதல் அரை மணித்தியாலம் 25. பிறகு 40. ஒரு திறந்த வெளியில் 62. 62 கி.மீ. பனிக்கு மேல், கூரை இல்லாமல். வாயைத் திறந்து கத்தினேன். ஹெல்மெற்றுக்குள் எனக்கு மட்டும் கேட்டது. சிறிய வண்டி, உடம்பைச் சாய்த்தால் வளைகிறது. எனக்கு ஒரு பாணி இருக்கிறது போலத்தான் இருக்கிறது.

புதிதாகப் படித்தது: எதிரே ஆட்கள் வந்தால், தனக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்ட வேண்டும். டேவ் ஒரு விரல் காட்டுவார், அது நான். கடைசி ஆள் விரல் காட்டுவதில்லை. கையை முட்டியாகப் பொத்தித் தூக்க வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை, பயப்படாமல் போ என்று அர்த்தம். பதினொரு முறை முட்டி தூக்கினேன். முதல் இரண்டு முறையும் என்னவோ செய்தது. பிறகு அது வெறும் சைகைதான். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மணித்தியாலம் கௌரியை நினைக்கவில்லை. திரும்பி வந்து கையுறையைக் கழற்றும்போதுதான் அது தெரிந்தது. குற்றம் செய்த மாதிரி இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

டேவ் ஒரு படம் எடுத்தார். வண்டிக்குப் பக்கத்தில் நான், ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து எட்மன்ரனுக்கு அனுப்பினேன். துளசியிடமிருந்து இதயப் படம் மூன்று. கௌரி பார்த்ததாகப் போன் காட்டியது. பதில் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

பனித்தூறல். யோகன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஆட்டிறைச்சி, புட்டு. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து வண்டியில் பனி தட்டிக்கொண்டு நிற்கக் கௌரி போன் அடித்தாள். தானாக அடிப்பது எப்போதாவதுதான். யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்தேன். பேத்தி நித்திரையாம். படம் பார்த்தாளாம். நான் இளைத்துவிட்டேனாம், ஆனால் முகம் நன்றாக இருக்கிறதாம். பிறகு கேட்டாள்:

"பின்னுக்கு ஒராள் இருக்க இடம் இல்லையோ?"

நீர்தானே ஒன்று காணும் என்றீர் என்றேன்.

"நீங்கள் சாமானைப் பற்றித்தானே கேட்டனீங்கள். என்னை ஒண்டும் கேக்கேல்லையே."

பனித்தூறல் கழுத்துக்குள் போனது. அசையவில்லை. காரில் ஒத்திகை பார்த்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதனால் வந்ததைக் கேட்டேன்.

"கௌரி, நீர் வீட்டை வாறீரோ?"

கோபம் இல்லாமல்தான் சொன்னாள், எனக்கு ஒன்றை விளங்கப்படுத்துகிற மாதிரி.

"ரெண்டு வருசம் இதைக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். போன ஆடியிலை பெட்டி கட்டேக்கையும் பாத்தன். இப்ப எனக்கு இஞ்ச பழகிப்போச்சு. இஞ்ச நான் கடைக்குப் போட்டு வந்து கதவைத் திறந்தா, ஒராள் ஓடி வந்து காலைக் கட்டிப் பிடிக்குது. அங்க வந்தா நீங்கள் சப்பாத்தை நேரா வைக்கச் சொல்லுவியள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை எழும்பிவிட்டது, வைக்கிறேன் என்றாள். வைத்தாள்.

சொல்லியிருப்பேன். அவள் வந்து பெட்டியை உள்ளே எடுக்க முன், முதல் வேலையாகச் சப்பாத்தை நேராக வைக்கத்தான் சொல்லியிருப்பேன்.